வெல்லம் வைக்காத ஏசல்

என் கல்யாணத்தில் என் மாமியார் என் அம்மாவை ஏசிப் பாடிய பாட்டைச் சென்னையில் ஓர் ஆவணக் காப்பகம் இருபத்தாறு வருஷம் கழித்தும் பத்திரமாக வைத்திருக்கிறது. என் கல்யாணப் புடவைகூட இத்தனை நாள் தாங்கவில்லை. போன மாசி மாதம் அந்த கேசட்டைத் தூசி தட்டி இன்டர்நெட்டில் ஏற்றினார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வேளைச் சோறு நிம்மதியாக இறங்கவில்லை.

ஏசல் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஜனத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் சம்பந்திப் பெண்கள் பந்தலில் எதிரெதிராக உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி பாட்டாலேயே கிழிப்பார்கள். முதலில் மாப்பிள்ளையின் அம்மா, பதிலுக்குப் பெண்ணின் அம்மா, இப்படி மாறி மாறி. எவ்வளவு வேண்டுமானாலும் கிழிக்கலாம், ஆனால் பாடுவதெல்லாம் பொய்யாக இருக்க வேண்டும். நல்ல கண் உள்ளவளைத்தான் ஒன்றரைக் கண் என்று பாடலாம். நிஜமாகவே ஒன்றரைக் கண் உள்ளவளின் கண்ணைப் பற்றி மூச்சு விடக் கூடாது. பாடி முடித்ததும் சம்பந்திகள் ஒருத்தி வாயில் ஒருத்தி வெல்லம் வைப்பார்கள். அதோடு அந்த ஏசல் செத்தது. பிறகு யாரும் அதை முணுமுணுக்கக்கூட மாட்டார்கள்.

என் கல்யாணம் எங்கள் ஊர் தொண்டூரில் நடந்தது. சமணர் படுக்கை பார்க்க வந்த ஒரு காலேஜ் வாத்தியார் ஸ்பீக்கர் சத்தம் கேட்டுப் பந்தலுக்கு வந்தார். இலை போட்டுச் சாப்பாடு போட்டோம். சாப்பிட்டுவிட்டுப் பாட்டை கேசட்டில் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அவர் காலத்துக்குப் பிறகு கேசட்டெல்லாம் காப்பகத்துக்குப் போயின.

பாடியவர் என் மாமியார் தைலம்மாள். செஞ்சி டவுனில் வாய்க்குப் பேர் போனவர். நான் அத்தை என்று கூப்பிடுகிறேன், வேறு வழியில்லை. ஏசப்பட்டவள் என் அம்மா அம்மாக்கண்ணு. பாட்டு இப்படித் தொடங்கும்:

மயிலு வருதுன்னு மந்தையெல்லாம் பாத்திருந்தோம்
ஒத்தக்காலு கொக்கு ஒண்ணு ஒய்யாரமா வந்திருக்கு
ஊருக்கே சோறுபோட்டேன்னு ஓயாத பேச்சுப் பேச்சு
ஒலையில அரிசியில்ல ஊதாங்குழல் தேஞ்சுபோச்சு

அம்மாவுக்கு இரண்டு காலும் நன்றாக இருக்கிறது. என் கல்யாணத்துக்கு முந்தின நாள் நெல் மூட்டையை இடுப்பில் தாங்கி இறக்கியவள். வீட்டில் அரிசிக்கும் குறைவில்லை. ஏசல் என்றால் அப்படித்தான். ஆனால் காப்பகத்தில் பாட்டுக்குக் கீழே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள்: மணமகளின் தாய் கால் ஊனமுற்றவர், குடும்பம் கடும் வறுமையில் இருந்தது. படித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் அதைவிடக் கொதிக்க வைத்தது பாட்டின் கடைசி இரண்டு அடி.

அமாவாச வந்துபுட்டா அங்காளிக்கு விரதமாம்
அங்க ஒரு அடுப்பு மேல அவருக்குஞ் சோறு வேவுதாம்

அவர் என்பது என் அப்பா தாண்டவராயன், நான் நைனா என்று கூப்பிடுவேன். அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போவார், மறுநாள் சாயங்காலம்தான் திரும்புவார். எப்பேர்ப்பட்ட பக்தி என்று ஊரே மெச்சியது. என் கல்யாணம் முடிந்த மறு வருஷம் நைனா மேல்மலையனூருக்குப் போனவர் போனவர்தான். அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் இருந்தது. பிள்ளையும் இருந்தது. அவர் செத்ததும் அங்கேதான். காப்பகத்துக் குறிப்பில் இந்த இரண்டு அடிக்கு மட்டும், இது ஏசலுக்கே உரிய மிகைக் கற்பனை என்று போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே, பதில் பாட்டு இல்லை என்று ஒரு வரி.

அந்தக் கடைசி வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அம்மா எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள், பதிலுக்குத் தான் பாடிய பாட்டில் என் மாமியாரால் தலை தூக்க முடியவில்லை என்று. அந்த நேரம் நான் உள்ளே முகூர்த்தப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். அறையில் பெண்கள் போட்ட சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அம்மா சொன்னதை நம்பினேன். கேசட் பாதியில் முடிந்திருக்கும், அதனால் பதில் பதிவாகியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நைனா போன பிறகு அம்மாவைத் தொண்டூரில் தனியாக விட மனசு வரவில்லை. இங்கே செஞ்சிக்கு, என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். தொண்டூர் வீட்டுக்கு இப்போது கூரைகூட இல்லை. ஆகச் சம்பந்திகள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அத்தைக்கு முன் கூடம், அம்மாவுக்குப் பின் அறை. இத்தனை வருஷத்தில் இரண்டு பேரும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. "உங்கம்மாகிட்ட சொல்லு" என்று முன்னாலிருந்து வரும், "உங்க அத்தகிட்ட சொல்லு" என்று பின்னாலிருந்து வரும். நடுவில் நான். என் வீட்டுக்காரர் ஆனந்தராஜ் பஸ் கண்டக்டர். அமாவாசை ஸ்பெஷலில் அத்தனை கூட்டத்தையும் பிளந்துகொண்டு டிக்கெட் கொடுப்பார், ஆனால் இந்த இரண்டு பேருக்கு நடுவில் மட்டும் வர மாட்டார்.

அத்தையைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கும் ஆசைதான், கிடைத்தால் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் எனக்கு மட்டும் நேற்றைய சோறு. டைபாய்டில் கிடந்தபோது அறை வாசலிலேயே நின்றுகொண்டு இன்னும் எழுந்திருக்கவில்லையா என்று கேட்டுவிட்டுப் போவார். ஒரு நாள் நெற்றியில் கை வைத்துப் பார்த்ததில்லை. அம்மா வந்த பிறகு, அவள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டால் கூடத்திலிருந்து குரல் வரும், வயசுக்கு நல்லாத்தான் சாப்பிடறாங்க என்று. என் பங்கு கஷ்டத்தை மட்டும் அம்மாவிடம் நான் சொன்னதே இல்லை. புருஷன் போன துக்கத்தில் இருந்தவள் தலையில் இதையும் எதற்கு ஏற்ற வேண்டும்?

பாட்டு போனில் பரவியதும் அத்தைக்கு வயசு குறைந்துவிட்டது. கடைவீதிக்குப் போனால் ஆள் ஆளுக்கு நிறுத்திப் பேசினார்கள். அப்புறம் காப்பகத்திலிருந்து எழிலன் என்று ஒருவன் வந்தான். கண்ணாடி போட்ட, பணிவான பையன். எந்த ஊரில் பாட்டு எடுத்தார்களோ அந்த ஊர் ஜனத்துக்கே அதைத் திரும்பப் போட்டுக் காட்டுவதாம், பாடியவருக்குப் பொன்னாடை போர்த்துவதாம். செஞ்சியில் கோட்டைக்குப் போகிற ரோட்டில் ஒரு மண்டபம் பிடித்திருந்தார்கள். தொண்டூர் ஜனத்தையும் கூப்பிட்டிருந்தார்கள். அத்தை அன்றைக்கே பட்டுப்புடவையை வெளியில் எடுத்து வைத்தார்.

அம்மா என்னைப் பின் அறைக்குக் கூப்பிட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"அத ஊர் நடுவுல வச்சிப் போட்டாங்கன்னா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன் கவிதா. கூரை இல்லன்னாலும் செவுரு இருக்குது. தொண்டூருக்கே போயிடறேன்."

சொன்னால் செய்கிறவள். புருஷன் செத்த சேதி வந்தபோது போக மாட்டேன் என்று சொன்னாள், போகவில்லை. நான் நடத்தும் பெட்டிக்கடையை அடைத்துவிட்டு நேராக மண்டபத்துக்குப் போனேன். எழிலன் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கடைசி இரண்டு அடியை மட்டும் வெட்டிவிடு என்று கேட்டேன். முதலில் கெஞ்சினேன், அப்புறம் சத்தம் போட்டேன். பதிவில் கை வைக்கக் கூடாது, முழுதாகத்தான் போட வேண்டும், அதுதான் எங்கள் முறை என்றான். எதற்கெடுத்தாலும் முறை. சரி, எங்கம்மாவின் பதில் பாட்டு இல்லாமல் போட்டால் அது எப்படி முழுசு, கேசட் பாதியில் தீர்ந்து போனது உன் முறையா என்று கேட்டேன்.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"கேசட் தீரலக்கா. அப்புறமும் ஓடுது. பதில்தான் இல்ல."

ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்க வைத்தான். அத்தையின் குரல் அந்தக் கடைசி அடியை இழுத்து நிறுத்தியது. சிரிப்பு. அப்புறம் அம்மா பாட வேண்டிய இடம். ஒன்றுமில்லை. யாரோ பாடும்மா பாடும்மா என்று தூண்டுகிறார்கள். ஒரு குழந்தை அழுகிறது. பந்தலில் காகிதத் தோரணம் காற்றில் படபடக்கிறது. வெல்லத்தை வையுங்கடி, நேரமாகுது என்று ஒரு கிழவி கத்துகிறாள். மேளம் தொடங்குகிறது. நான் உள்ளே தலை நிறையப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது என் அம்மா அங்கே வாயடைத்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். அந்த வாயில் அத்தை வெல்லத்தை வைத்தார், அதை அவள் விழுங்கினாள். எனக்காகத்தான் விழுங்கினாள். மண்டபத்து வாசலில் நின்று நன்றாக அழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அத்தை கூடத்தில் உட்கார்ந்து பட்டுப்புடவைக்கு மடிப்பு நீவிக்கொண்டிருந்தார். நைனா விஷயம் தெரிந்துதான் பாடினீர்களா என்று கேட்டேன். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. பொய்யென்று நினைத்துப் பாடினது, அப்புறம் தற்செயலாக நிஜமாகிவிட்டது என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. தொண்டூர்ப் பெண்கள்கூட, பாவம் தைலம்மா, அவ வாய் பலிச்சிடுச்சி என்று இரக்கப்பட்டார்கள்.

அத்தை கையை நிறுத்தவில்லை.

"தெரியாம பாடுவனா? எந்தம்பி மேல்மலையனூர்ல தேங்கா வியாபாரம் பண்ணான். அவன் கண்ணால பாத்துட்டு வந்து சொன்னான். நிச்சயத்தன்னிக்கு உங்கம்மா இன்னா பேசுனா தெரியுமா? எங்க வீட்டுக்காரர் மாதிரி ஒழுக்கமான ஆம்பள இந்த சுத்துவட்டாரத்துலயே கெடையாதுன்னு எங்க ஜனத்துக்கு முன்னால சொன்னா. எம்புருசன் குடிகாரன்னு அவளுக்குத் தெரியும். அதான் வச்சேன்."

ஏசலில் நிஜம் பாடக் கூடாதே என்றேன்.

"நெஜம்னு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். அவ எழுந்து, ஐயோ இது நெஜம்னு ஊர்ல சொல்லிடுவாளா?"

சொல்லிவிட்டு மடிப்பை ஒரு தடவை தட்டிச் சரி செய்தார். அந்தக் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. பொய் என்ற போர்வைக்குள் கத்தியை வைத்துக் குத்தியிருக்கிறார். குத்துப்பட்டவள் கத்தினால் அவள் மானம்தான் போகும். இதற்குத்தான் நாளைக்குப் பொன்னாடை.

பின் அறையில் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கூடத்தில் பேசியது அவளுக்குக் கேட்டிருக்கும், இடையில் ஒரு திரைத்துணிதான். பதில் பாட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"முழுசாத்தான் போடுவானாமா?"

ஆமாம் என்றேன். சுவரைப் பார்த்தபடியே, "போடட்டும். நானும் வரேன்" என்றாள்.

மறுநாள் காலை மண்டபத்தில் முன் வரிசை முழுக்க நாற்காலி. காலேஜ்காரர்கள், வெளியூர்க்காரர்கள், நம் ஊர்ப் பெரிய மனிதர்கள். பின்னால் ஜமக்காளத்தில் தொண்டூர்ப் பெண்கள். அம்மா அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தாள். மேடையில் அத்தை பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் தாம்பாளம், அதில் அச்சு வெல்லம். ஏசல் முடிந்ததும் வெல்லம் வைக்கும் வழக்கத்தை எழிலன் எங்கேயோ படித்திருக்கிறான். அதையும் போட்டோ எடுக்க வேண்டுமாம்.

பாட்டு ஓடியது. ஒத்தக்காலுக்குச் சிரித்தார்கள், ஊதாங்குழலுக்குச் சிரித்தார்கள். அங்காளி அடி வந்தது. முன் வரிசை அதற்கும் சிரித்தது. பின் வரிசை சிரிக்கவில்லை, எல்லோரும் என் அம்மாவைப் பார்த்தார்கள். அப்புறம் அந்த இடம் வந்தது. ஸ்பீக்கரில் குழந்தை அழுதது, தோரணம் படபடத்தது. பாடும்மா பாடும்மா என்று அன்றைக்குத் தூண்டிய குரல் இன்றைக்கும் தூண்டியது.

அம்மா எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். எழிலன் சட்டென்று பாட்டை நிறுத்தி மைக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். அவன் வருவதற்குள்ளேயே அவள் தொடங்கிவிட்டாள்.

வந்த மருமகள வாசலில தாங்கிவச்சி
சுடுசோறு போட்டீங்களே சம்பந்தியே
சொல்லால சுடலியே சம்பந்தியே

முன் வரிசையில் கை தட்டினார்கள். ஏச வந்தவள் வாழ்த்துகிறாளே என்று ஒருவர் நெகிழ்ந்து பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. சுடுசோறு என்று ஏன் சொன்னாள்? நான் சொன்னதே இல்லையே.

காச்சலில கெடந்தவள கையாலத் தொட்டுப்பாத்து
கண்ணசராமக் காத்தீங்களே சம்பந்தியே
கட்டிலயே சுத்துனீங்களே சம்பந்தியே

என் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். பழைய சோறும் தெரியும், டைபாய்டும் தெரியும். அவள் வேதனைப்படுவாளே என்று நான் மறைத்து மறைத்து வைத்ததை எல்லாம் அவள் தெரியாத மாதிரி உள்ளே வைத்திருந்திருக்கிறாள். ஏசலில் பொய்தான் பாட வேண்டும், தொண்டூர்ப் பெண்களுக்கு அது தெரியும். ஒவ்வொரு அடியையும் அவர்கள் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கும் தெரியும். பொன்னாடையின் நுனியை அவர் விரலில் சுற்றத் தொடங்கியிருந்தார்.

கூரையில்லா எம்மேல கொடபுடிச்சி நின்னீங்களே
நான்திங்கும் சோத்தையும் எண்ணலியே சம்பந்தியே
நாலுபேர் காதுபடச் சொல்லலியே சம்பந்தியே

அம்மா அங்கே கொஞ்சம் நிறுத்தினாள். மேடையை நேராகப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அத்தையின் முகத்தை அப்படி நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

பாடுனது அத்தனையும் பொய்யாயி நாம்பாட
பொய்யே பாடாத வாயி சம்பந்தியே
ஒங்க வாயி பொன்னான வாயி சம்பந்தியே

முன் வரிசையில் எழுந்து நின்று தட்டினார்கள். பின்னால் இருந்த மீனம்பாள், அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா, என் கல்யாணத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், கை தட்டவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினாள்.

"பொய்யே பாடாத வாயின்னா, அப்ப அன்னிக்கு அவ நெஜம்னு தெரிஞ்சேதான் பாடுனாளா?"

தொண்டூர்ப் பெண்கள் ஒருத்தர் விடாமல் மேடையைப் பார்த்தார்கள். தைலம்மாவுக்காக இத்தனை வருஷம் இரக்கப்பட்டவர்கள்.

எழிலனுக்கு ஒரே சந்தோஷம். இது வாழ்த்துப் பாட்டா அம்மா என்று மைக்கை நீட்டிக் கேட்டான். "ஏசல்தான் தம்பி" என்றாள் அம்மா. அவன் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தான். தாம்பாளத்தைத் தூக்கி வந்து வெல்லத்தை எடுத்து வைக்கும்படி அம்மாவைக் கேட்டான். போட்டோக்காரனும் தயாராக நின்றான். மேடையில் அத்தை வாயைக்கூட லேசாகத் திறந்துவிட்டார். அவருக்கு அந்த வெல்லம் வேண்டியிருந்தது. அது வாயில் விழுந்தால் எல்லாம் செத்துவிடும், அப்புறம் யாரும் பேச முடியாது.

"அவங்க பதில் பாடலியே தம்பி" என்றாள் அம்மா. "பாடட்டும். அப்புறமா வெல்லம்."

எழிலன் மைக்கை அத்தையிடம் கொண்டு போனான். செஞ்சி டவுனிலேயே வாய்க்குப் பேர் போன தைலம்மாள் மைக்கைப் பார்த்தார், தொண்டூர்ப் பெண்களைப் பார்த்தார். அவர் இனி எதைப் பாடினாலும் இது பொய்யா நிஜமா என்று அவர்கள் நிறுத்துப் பார்ப்பார்கள். வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. எழிலனின் மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நான் தடுக்கவில்லை. அது நன்றாக ஓடட்டும், ஒரு மூச்சுக்கூட விடாமல் பதிவாகட்டும், சென்னைக்குப் போய்ப் பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

திரும்பும்போது அம்மாவை நடத்தியே கூட்டி வந்தேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"டைபாய்டுல உன்னப் பாக்க வந்தேனே, உன் நெத்தியில நீயே அரச்சிப் போட்ட பத்து காஞ்சி உரிஞ்சி கெடந்துச்சி, தலமாட்டுல நேத்து சோறு. மறுபத்து போட அந்த வீட்ல ஒரு கை இல்லியான்னு நெனச்சேன்."

அப்போதே ஏன் கேட்கவில்லை என்றேன். "நீ மறச்சே. உனக்காக நானும் மறந்த மாதிரி இருந்தேன்" என்றாள். ரோட்டிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தொண்டூருக்குப் போகும் பேச்சை அவள் எடுக்கவில்லை.

பொன்னாடையையும் தாம்பாளத்தையும் என் வீட்டுக்காரர் கொண்டு வந்து கூடத்து மேசை மேல் வைத்துவிட்டு, டூட்டி இருக்கிறது என்று ஓடிவிட்டார். இரண்டு நாள் யாரும் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை அத்தையின் குரல் வந்தது, பழைய சுருதியில் பாதிகூட இல்லை.

"கவிதா, உங்கம்மாகிட்ட சொல்லு. வெல்லத்துல எறும்பு மொய்க்குது."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பின் அறையிலிருந்து அம்மாவே சொன்னாள்.

"பாடிட்டு எடுத்துக்கச் சொல்லு."